பழைய வயலில் புதுக் கிணறா? மட் வெயிட்டை மறுபடி கணக்கிடுங்கள்

பழைய எண்ணெய் வயலில் புதுக் கிணறு தோண்டும் முன், பக்கத்துக் கிணற்றின் மட் வெயிட்டை (தோண்டும்போது கிணற்றில் நிரப்பும் சேற்றுத் திரவமான மட்டின் அடர்த்தி) அப்படியே எடுக்காதீர்கள். எண்ணெய் இருக்கும் மணற்பாறையின் துளைகளில் இன்றுள்ள திரவ அழுத்தத்தை மாடலில் போட்டு, பாறை பிளக்கும் அழுத்தத்தை மறுபடி கணக்கிடுங்கள். எண்ணெய் எடுக்க எடுக்க, பாறையின் கிடைமட்டத் தகைவும் (பாறையைப் பக்கவாட்டில் இறுக்கும் அழுத்தம்) இறங்கும். பாய்சான் விகிதம் (அமுக்கினால் பாறை பக்கவாட்டில் விரியும் அளவு) 0.25, பயோட் கெழு (துளை அழுத்தம் தகைவை எவ்வளவு பாதிக்கும் என்ற எண்) 1 என்று வைத்தால், 1000 பிஎஸ்ஐ அழுத்தம் குறைந்த இடத்தில் தகைவு சுமார் 670 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். இடையிலுள்ள ஷேல் (களிமண் இறுகிய பாறை) பெரும்பாலும் பழைய அழுத்தத்திலேயே நிற்கும். அந்த ஷேல் கிணற்றுக்குள் சரிந்து விழாமல் தாங்கும் அளவுக்குக் கனமான மட், கீழே மணற்பாறையைப் பிளந்துகொண்டு போய்விடும். வம்பே அங்கேதான்.

தண்ணீர் செலுத்தி அழுத்தத்தை மீட்ட பகுதிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அழுத்தம் திரும்பினாலும் தகைவு முழுதாகத் திரும்பியிருக்காது. அங்கே லீக்-ஆஃப் டெஸ்ட் (பாறைக்குள் மட் கசியத் தொடங்கும் வரை அழுத்தத்தை ஏற்றிப் பார்க்கும் சோதனை) எடுத்துவிடுங்கள்.