கல்லீரலைக் காத்தது மூலிகையா, கரைப்பானா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாராசிட்டமாலால் சிதையும் கல்லீரலைத் தாவரச் சாறு காக்கிறதா என்று ஆராயப் புகும் மாணவர்களின் முடிவுகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். அண்மையில் ஒரு மாணவி மகிழ்ச்சியோடு நீட்டிய வரைபடத்தில், தொடக்கக் காலத்தில் நான் செய்த அதே பிழை இருந்தது. எடைக் கணக்குப் பிசகுவதும் குப்பிகளின் பெயர்ச்சீட்டு மாறிப்போவதும் ஒரு வாரத்தில் தாமே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கரைப்பானுக்குத் தனிக் குழு வைக்காதது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பாராசிட்டமால் கல்லீரலை நேரடியாகச் சிதைப்பதில்லை. அதன் ஒரு பகுதியை சி.ஒய்.பி.2இ1 போன்ற நொதிகள் 'நாப்கி' என்னும் நச்சாக மாற்றுகின்றன. அந்த நச்சைக் கல்லீரலில் இயல்பாக உள்ள குளுட்டாதயோன் என்னும் சேர்மம் பிணைத்து அகற்றுகிறது. மருந்தின் அளவு மீறிக் குளுட்டாதயோன் தீர்ந்துபோனால், நச்சு மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில் ஒட்டிக்கொள்ள, சிதைவு அங்கிருந்து தொடங்குகிறது. ஆகவே அந்த நொதியைத் தடுக்கும் எந்தப் பொருளும் கல்லீரலைக் காத்ததுபோலவே தோன்றும். சாற்றைக் கரைக்க நாம் பயன்படுத்தும் டி.எம்.எஸ்.ஓ. அப்படித் தடுக்கும் பொருள்களில் ஒன்று.

எனக்கு அது தெரியாது. நீரில் கரையாத சாற்றை டி.எம்.எஸ்.ஓ.வில் கரைத்து, பாராசிட்டமாலுக்கு ஒரு மணி நேரம் முன்பு சுண்டெலிகளுக்குக் கொடுத்தேன். ஒப்பீட்டுக் குழுவுக்கு வெறும் உப்புநீர். மறுநாள் நுண்ணோக்கியில், உப்புநீர் பெற்றவற்றின் மையச் சிரையைச் சுற்றி உட்கரு மங்கிய, வெளிறிய உயிரணுக்கள் வளையமாகக் கிடந்தன. சாறு பெற்றவற்றில் அந்த வளையமே இல்லை. அதை நம்பி எட்டு மாதங்கள் அந்தச் சாற்றின் கூறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மூத்த ஆய்வாளர் ஒருவர், "டி.எம்.எஸ்.ஓ.வை மட்டும் கொடுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். கொடுத்துப் பார்த்தேன். அப்போதும் வளையம் இல்லை. ஒரேயொரு குழுவை வைக்கத் தவறியதால், உழைப்பைவிடப் பெரிதாக, அத்தனை விலங்குகளின் உயிரும் வீணாயிற்று.

கரைப்பானுக்குத் தனிக் குழு வைத்தபின்னும், சாறே நொதியைத் தடுக்கிறதா என்ற கேள்வி நிற்கும். பாராசிட்டமால் கொடுத்த அரை மணி நேரத்தில் கல்லீரலின் குளுட்டாதயோனை அளந்து பாருங்கள். சாறு பெற்ற குழுவில் அது சரியவே இல்லையென்றால், அங்கே நச்சு உருவாகவில்லை என்றே முதலில் ஐயுற வேண்டும். இருபத்து நான்கு மணி நேரம் கழித்து எடுத்த அளவு இதற்கு விடை சொல்லாது.

முன்கூட்டியே கொடுத்துவிட்டுச் 'சிகிச்சை' என்று எழுதுவது

மாத்திரைகளை விழுங்கிய பிறகுதான் நோயாளி வருகிறார். விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தாலும் அசிட்டைல்சிஸ்டீன் என்னும் முறிமருந்து நன்கு காப்பதால்தான் அது மருந்தாக நிலைத்தது. சுண்டெலியில் நச்சாக மாறும் வேலை ஏறத்தாழ 2 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு சாற்றைக் கொடுத்துப் பலன் கண்டால் மட்டுமே சிகிச்சை என்று எழுதுங்கள்.

எலியைத் தேர்ந்தெடுப்பது

எலியின் கல்லீரல் பாராசிட்டமாலைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். சுண்டெலியை எடுங்கள்.

சிவந்த சீரத்தை அளப்பது

சிவப்பணுக்கள் உடைந்து, இரத்தத்தின் தெளிநீரான சீரம் சிவந்தால், கல்லீரல் சிதைவைக் காட்ட நாம் அளக்கும் ஏ.எஸ்.டி. என்னும் நொதி பொய்யாக உயரும்.

செடியின் பெயரை மட்டும் நம்புவது

கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் பில்லாந்தஸ் அமாரஸும் அதன் நெருங்கிய இனங்களும் கலந்து வருகின்றன. தாவரவியலாளரிடம் காட்டி இனத்தை உறுதிசெய்து, உலர்மாதிரி ஒன்றை எண்ணிட்டுப் பாதுகாத்துவையுங்கள்.

சாறு மட்டும் பெறும் குழுவை விட்டுவிடுவது

மூலிகை கல்லீரலுக்குத் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையில் இந்தக் குழுவை விட்டுவிடுகிறார்கள். செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு மனிதரின் கல்லீரலையே சிதைத்ததுண்டு. பாராசிட்டமால் இல்லாமல் சாறு மட்டும் பெற்ற விலங்குகளின் சீரத்தில், கல்லீரல் சிதைவைக் காட்டும் மற்றொரு நொதியான ஏ.எல்.டி.யையும், கல்லீரல் திசுவையும் பார்க்காமல், காக்கும் சாறு என்று எழுதாதீர்கள்.