பிரிட்டனில் நிப்பட்டு விற்கலாமா? நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பிரிட்டனுக்கு வந்து இறங்கி, அம்மா கட்டிக்கொடுத்த காவேரிப்பட்டணம் நிப்பட்டை (கடலை, எள் போட்ட அரிசி மாவுத் தட்டை) பக்கத்து அறைப் பையன்களுக்குக் கொடுத்தால், யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: "இதை ஆன்லைன்ல வித்தா செமயா ஓடும்டா." ஓடும்தான். ஆனால் இன்ஸ்டாகிராமில் பக்கம் திறப்பதற்கு முன்னால் உங்கள் விசாவில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

மாணவர் விசாவில் இருப்பவர் சுயதொழில் செய்யக் கூடாது. பட்டப்படிப்பு படிப்பவருக்கு டெர்ம் நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் வேலைக்கு அனுமதி உண்டு, அது ஒருவரிடம் சம்பளத்துக்குச் செய்யும் வேலை. வாட்ஸ்அப் குரூப்பில் பத்து பாக்கெட் விற்றாலும் வியாபாரம் வியாபாரம்தான். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசாவுக்கு மாறிவிட்டால் தாராளமாகச் செய்யலாம். ஸ்கில்டு ஒர்க்கர் என்கிற வேலை விசாவில் வந்தவரின் கணவனோ மனைவியோ அவரைச் சார்ந்த டிபெண்டன்ட் விசாவில் இருந்தால் அவர்களும் செய்யலாம். "என் பேர்ல ஓட்டிக்கோ மச்சி" என்று சொல்கிற நண்பன் கிடைப்பான், உங்கள் விசா போகும்போது அவனுக்கு ஒன்றும் ஆகாது.

சரி, விசா இடம் கொடுக்கிறது, எதை விற்பது? ஊர்க்காரர்கள் முதலில் சொல்வது மாம்பழக் கூழ். கிருஷ்ணகிரியில் ஆலைகள் இருக்கின்றன, உண்மை, ஆனால் டின் கனம், கப்பல் சரக்கு, பெரிய முதல், ஏற்கனவே பெரிய வியாபாரிகள் உட்கார்ந்திருக்கும் இடம். புதிதாக வந்தவருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. பால்கோவா மாதிரி பால் பண்டங்களையும் கறிவேப்பிலையையும் ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவரவே கூடாது. விற்பனைச் சரக்கைப் பார்சலில் வரவழைத்து "பரிசு" என்று எழுதச் சொல்வதும் சுங்கத்துக்குப் பொய் சொல்வதுதான்.

அதைவிட இங்கேயே அரிசி மாவு வாங்கிச் சுட்டு விற்பது மேல். வீட்டுச் சமையலறையிலிருந்து உணவு விற்கலாம். தொடங்குவதற்கு 28 நாள் முன்னால் உள்ளூர் கவுன்சிலில் (நம்ம ஊர் நகராட்சி மாதிரி) பதிவு செய்ய வேண்டும், கட்டணம் கிடையாது. பிறகு அதிகாரி வந்து அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் எல்லாம் பார்த்து, இங்கிலாந்தில் 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் கொடுப்பார். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தைப் படித்து வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டுவிடுங்கள், ஆறு பேர் புழங்கும் சமையலறையில் இது நடக்காது.

நம்ம ஆட்கள் வழுக்கும் இடம் அலர்ஜி. கட்டாயம் தெரிவிக்க வேண்டியவை என்று இங்கே 14 பொருள்கள் பட்டியலில் உள்ளன. நிப்பட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: நிலக்கடலை பட்டியலில் இருக்கிறது, எள் இருக்கிறது. கூட்டுப் பெருங்காயம் போட்டால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும், அதுவும் பட்டியலில் உண்டு. பொடி வகைகளில் கடுகு. ஆன்லைனில் விற்கும்போது இதை வாங்குவதற்கு முன்பும் சொல்ல வேண்டும், பொருள் கையில் சேரும்போதும் சொல்ல வேண்டும். "வீட்டுப் பக்குவம்" என்று மட்டும் லேபிளில் போட்டால் போதாது, கடலை ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு உயிரே போகலாம்.

வரி பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரை சுயதொழில் வரவு 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த ஆண்டு முடிந்து வரும் அக்டோபர் 5க்குள் வருமான வரித் துறையில் பதிவு செய்ய வேண்டும். கவனியுங்கள், இது லாபக் கணக்கு இல்லை, மாவு, எண்ணெய்ச் செலவு கழிப்பதற்கு முந்தைய மொத்த வரவு. ஆன்லைன் விற்பனைத் தளங்கள் வருடத்துக்கு 30 விற்பனையைத் தொட்டவர்களின் விவரத்தைத் தாங்களாகவே வரித் துறைக்கு அனுப்பிவிடும், அதனால் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

அப்புறம், "வீட்டிலிருந்தே மாதம் லட்சம்" என்று கோர்ஸ் விற்பவர்கள். அந்தக் காசுக்கு நல்ல அட்டைப் பெட்டி வாங்கலாம், நிப்பட்டு தபாலில் நொறுங்கும். ஒரு பெட்டியை முதலில் உங்கள் முகவரிக்கே அனுப்பி, எப்படி வந்து சேர்கிறது என்று பார்த்துவிட்டு, பெட்டியும் தபால் செலவும் சேர்த்து விலை போடுங்கள். தீபாவளி ஆர்டருக்குக் கடைசித் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடைசி வாரத்தில் கேட்டு வருபவர் ஒரே ஊர்க்காரராக இருந்தாலும் சரி.