சத்தம் எந்தப் பக்கம்? காதை நம்பும்போது செய்யும் தவறுகள்

காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு எண்ணூர் விரைவு சாலையைக் கடக்கும் பலர் ஒரு காதில் இயர்போனோடு போகிறார்கள். கேட்டால், "இன்னொரு காது திறந்துதானே இருக்கு" என்பார்கள். ட்ரெய்லர் லாரிகள் ஓடும் சாலையில் என்னைப் பதறவைக்கும் தவறு இதுதான்.

ஒரு காதிலும் ஹாரன் கேட்கும், சரி. ஆனால் எந்தப் பக்கம் என்று சொல்வது இரண்டு காதுக்கும் இடையிலுள்ள வித்தியாசம். வலப்பக்கத்து ஒலி வலக்காதைத் தொட்ட பிறகு, தலையைச் சுற்றி இடக்காதுக்குப் போக அதிகபட்சம் 0.7 மில்லி நொடி போல ஆகும். அந்தத் துளி நேரத்தை மூளை அளந்துவிடுகிறது. கீச்சொலி என்றால் தலையே மறைப்பதால் தூரத்துக் காதில் சத்தம் குறைகிறது. கனத்த ஒலிக்கு நேரம், கீச்சொலிக்கு அளவு என்று 1907-ல் விளக்கியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபு. ஒரு காதை அடைத்தால் இரண்டு கணக்குமே கெட்டுவிடும்.

அடுத்த தவறு, சத்தம் கேட்டதும் தலையை அசைக்காமல் நிற்பது. நேர் முன்னாலிருந்து வந்தாலும் நேர் பின்னாலிருந்து வந்தாலும் ஒலி இரு காதையும் ஒன்றாகத்தான் சேரும். காது மடலின் மடிப்புகள் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். ஹெல்மெட்டுக்குள் அதுவும் மங்கிவிடும். தலையை வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஒலி இடக்காதுப் பக்கம் நகர்ந்தால் வண்டி முன்னால். வலக்காதுப் பக்கம் வந்தால் பின்னால்.

வீட்டுக்குள் கத்தும் சில்வண்டை உட்கார்ந்த இடத்திலிருந்தே தேடுவதும் வீண். ஒரே சுருதியில் நீளும் ஒலியில் மூளைக்குப் பிடி கிடைப்பது கஷ்டம். எழுந்து நாலு இடத்தில் நின்று கேளுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை மாதிரி நெருக்கமான சந்துகளில் இன்னொரு சிக்கல். எதிரொலி எத்தனை வந்தாலும், முதலில் வந்து சேரும் ஒலியின் திசையைத்தான் மூளை எடுத்துக்கொள்ளும். திறந்த இடத்தில் அது சரியாக இருக்கும். ஆனால் பைக் இடப்பக்கச் சந்துக்குள் மறைந்திருந்தால், அதன் சத்தம் வலப்பக்கச் சுவரில் பட்டு வலுவாக வந்து சேரலாம். உடனே நாம் இடப்பக்கம், அதாவது பைக் வரும் வழிக்கே ஒதுங்குவோம். அதனால் முனையில் நின்று கண்ணால் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். பைக் ஓட்டுபவர்களும் ஹாரன் அடித்தாயிற்று என்று அப்படியே திரும்பாமல், முனையில் வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த ஹாரனைக் கேட்டுத்தான் ஒரு பாட்டி உங்கள் பக்கமே ஒதுங்கியிருக்கக்கூடும்.