ஸ்கிரீன் திரும்பலையா? ரீசெட் பண்ணப் போறதுக்கு முன்னாடி இதப் பாத்துடுங்க

போன சாய்ச்சுப் புடிச்சாலும் வீடியோ நடுவுல குட்டியாவே ஓடுது, ஸ்கிரீன் திரும்பவே மாட்டேங்குது. இப்படி ஆனதும் நிறைய பேர் நேரா சென்சார் போச்சுன்னு முடிவு பண்ணிடறாங்க, அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு ரீசெட் அடிக்கறாங்க, இல்லன்னா கடைக்குத் தூக்கிட்டு ஓடறாங்க. உண்மையில சென்சார் கெட்டுப்போய் திரும்பாம இருக்கறது ரொம்ப கம்மி. லாக் போட்டிருக்கும், இல்ல அந்த ஆப் திரும்பற மாதிரியே செய்யப்பட்டிருக்காது, இல்ல நாம டெஸ்ட் பண்ற விதமே தப்பா இருக்கும். இது மூணையும் தாண்டினப்புறம்தான் சென்சார் பக்கம் போகணும், இந்த வரிசைய மாத்தறதுதான் முதல் தப்பு.

லாக் விஷயத்துலயே பெரிய குழப்பம் இருக்கு. ஆண்ட்ராய்டுல மேலிருந்து இழுத்தா வர்ற ஆட்டோ ரொட்டேட் பட்டன் எரிஞ்சா ஸ்கிரீன் திரும்பும்னு அர்த்தம். ஐபோன்ல அப்படியே உல்டா, கன்ட்ரோல் சென்டர்ல பூட்டு போட்ட வட்ட அம்புக்குறி எரிஞ்சா திரும்பாதுன்னு அர்த்தம். ஆண்ட்ராய்டுலேந்து புதுசா ஐபோனுக்கு மாறினவங்க அத ஆன் பண்ணி வச்சுட்டு ஏன் திரும்பலன்னு ரெண்டு நாள் தேடுவாங்க. சாம்சங்ல இன்னொரு மாதிரி, ஆஃப்ல இருக்கும்போது அந்தப் பட்டன் பேரே போர்ட்ரெய்ட்னு மாறிடும், ஆட்டோ ரொட்டேட்ங்கற பேரத் தேடினா கெடைக்காது, அந்த போர்ட்ரெய்ட்டத் தொட்டாத்தான் ஆட்டோ ரொட்டேட்டா மாறும். வீட்ல பெரியவங்க போன்ல பிரச்சனன்னு குடுத்தா மொதல்ல இதத்தான் பாருங்க, நோட்டிபிகேஷன் தள்ளும்போது விரல் பட்டு மாறியிருக்கும்.

ஆண்ட்ராய்டு 9, அதாவது 2018லேந்து இன்னொன்னு வந்துச்சு. ஆட்டோ ரொட்டேட் ஆஃப்ல இருக்கும்போது போன சாய்ச்சா கீழ் மூலைல சின்னதா ஒரு சுழல் ஐகான் தெரியும், தொட்டா அந்த ஒரு தடவ மட்டும் திரும்பி அப்படியே லாக் ஆகிடும். தெரியாம அதத் தொட்டுட்டு, போன் படுத்த வாக்குலயே நின்னுடுச்சுன்னு பயந்துடறாங்க. நேரா நிமித்திப் புடிங்க, அந்த ஐகான் திரும்ப வரும், தொட்டா சரியாயிடும்.

அடுத்தது, ஹோம் ஸ்கிரீன வச்சு டெஸ்ட் பண்றது. பெரும்பாலான போன்ல ஹோம் ஸ்கிரீன் திரும்பாது, அது கோளாறு கிடையாது. சாம்சங், பிக்சல் மாதிரி போன்ல ஹோம் ஸ்கிரீன் செட்டிங்ஸ்குள்ள போய் தனியா ஆன் பண்ணணும். இப்ப வர்ற ஐபோன்ல அந்த வசதியே இல்ல. அதே மாதிரி இன்ஸ்டாகிராம்ல ஃபீட் திரும்பாது, நிறைய பேங்க் ஆப்பும் திரும்பாது, அந்த ஆப் செஞ்சவங்களே நேரா மட்டும்தான் நிக்கணும்னு எழுதி வச்சிருப்பாங்க, நீங்க என்ன பண்ணாலும் அது அசையாது. சரியா டெஸ்ட் பண்ணணும்னா கேலரில ஒரு போட்டோவத் தொறங்க, இல்ல குரோம், சஃபாரில ஏதாவது ஒரு பக்கத்தத் தொறந்து திருப்பிப் பாருங்க. யூடியூப வச்சு முடிவு பண்ணாதீங்க, ஏன்னா ஃபுல் ஸ்கிரீன் பட்டன அமுக்கினா ஆட்டோ ரொட்டேட் ஆஃப்ல இருந்தாலும் அது படுத்துக்கும். இன்னொன்னு, தலைகீழா புடிச்சா பல போன் திரும்பாது, அதுவும் அப்படித்தான் வருது.

படுத்துக்கிட்டும், டேபிள்ல வச்சுக்கிட்டும் டெஸ்ட் பண்றதப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், இது புரிஞ்சா பாதி சந்தேகம் தீந்துடும். போன் எந்தப் பக்கம் நிக்குதுன்னு முக்கியமா சொல்றது ஆக்சிலரோமீட்டர்ங்கற சின்ன சிப்பு. அதுக்குத் தெரிஞ்சது புவியீர்ப்பு எந்தப் பக்கம் இழுக்குதுங்கறது மட்டும்தான். நேரா புடிச்சா போனோட நீளவாக்குல இழுக்கும், படுக்க வாக்குல புடிச்சா அகலவாக்குல இழுக்கும், இந்த மாற்றத்தப் பாத்துத்தான் ஸ்கிரீன் திரும்புது. டேபிள் மேல மல்லாக்க வச்சீங்கன்னா இழுப்பு முழுசா போனோட முதுகுப் பக்கம் போயிடும், அப்ப நீங்க டேபிள் மேலயே வச்சு சுத்தினா சிப்புக்கு எதுவுமே மாறல, அதனால கடைசியா எப்படி இருந்துச்சோ அப்படியே நிக்கும். மல்லாந்து படுத்து முகத்துக்கு மேல புடிச்சாலும் இதே கததான். ஒருக்களிச்சுப் படுத்தா நேர்மாறா, வேண்டாத நேரத்துல திரும்பித் தொலைக்கும், அதுக்குத்தான் பிக்சல் போன்ல ஆண்ட்ராய்டு 12லேந்து முன் கேமரால முகத்தப் பாத்துத் திரும்பற வசதி குடுத்தாங்க, ஆட்டோ ரொட்டேட் செட்டிங்ஸ் உள்ள ஃபேஸ் டிடெக்ஷன்னு இருக்கும். ஆகவே எழுந்து உக்காந்து, போன நிமித்திப் புடிச்சு, மெதுவா முழுசா சாய்ச்சுப் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க திரும்பலன்னு.

ஸ்கிரீன் திரும்பணும்னு போனக் காத்துல எட்டு வடிவத்துல ஆட்டறது இன்னொரு பெரிய தப்பு. அந்த எட்டு திசைகாட்டிக்கு, அதாவது மேப்ல நம்ம திசைய தப்பாக் காட்டினா சரி பண்றதுக்கு. அது வேற சென்சார். ஸ்கிரீன் ரொட்டேஷனுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. போன் எவ்ளோ வேகமா சுழலுதுன்னு அளக்கற கைரோஸ்கோப்ங்கற சென்சார் இல்லாத போன், அதான் திரும்பலன்னு சொல்றவங்களும் உண்டு, கைரோ இல்லாத எத்தனையோ விலை கம்மி போன் அழகாத் திரும்புது. தொடைல தட்டறது, உள்ளங்கைல அடிக்கறது எல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம், கேமராவுக்குள்ள லென்ஸ் ஆடற மாதிரி நுணுக்கமான பாகம் இருக்கு, இல்லாத கோளாற அடிச்சு உண்டாக்கிடுவோம்.

இதெல்லாம் பாத்தும் திரும்பலன்னா ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணுங்க, சென்சார் சர்வீஸ் தொங்கியிருந்தா இதுலயே எழுந்துடும். ஸ்கிரீன் திரும்பறதக் கட்டுப்படுத்தற ரொட்டேஷன் கன்ட்ரோல் மாதிரி ஆப் எப்பவோ போட்டு மறந்திருந்தா தூக்கிடுங்க, இல்லன்னா நாம போட்ட ஆப் எதுவும் ஓடாத சேஃப் மோட்ல போட்டுப் பாருங்க, அங்க திரும்புச்சுன்னா தப்பு நாம போட்ட ஏதோ ஒரு ஆப்புலதான். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் தொறந்து வச்சிருக்கவங்க சென்சார்ஸ் ஆஃப்ங்கற டைல் எரியுதான்னு பாருங்க, அது ஆன்ல இருந்தா ரொட்டேஷன் மட்டும் இல்ல, கேமரா மைக்கும் சேந்து நின்னுடும். அத விட்டுட்டு போன் முழுக்க நோண்டறவங்கள நெறைய பாக்கலாம்.

இப்பத்தான் சென்சார். சாம்சங்ல டயல் பேடுல *#0*# போட்டா டெஸ்ட் மெனு வரும், அதுல சென்சார தொட்டுப் பாருங்க. ஷாவ்மி, ரெட்மில *#*#6484#*#*. எந்த போனா இருந்தாலும் பைபாக்ஸ்னு (phyphox) ஒரு ஆப் இருக்கு, ஜெர்மனில ஆகன் பல்கலைக்கழகத்துல செஞ்சது, காசு கெடையாது. அதுல புவியீர்ப்போட சேத்து முடுக்கம் காட்டற பகுதியத் தொறந்து ஓட விடுங்க. நேரா புடிச்சா ஒய் கிட்ட 9.8 பக்கமா வரணும், படுக்க வாக்குல எக்ஸ் அந்த அளவுக்கு வரணும், இடம் வலம் பொறுத்து மைனஸ்ல வரலாம், டேபிள்ல வச்சா இசட். நம்பர் மாறுதுன்னா சென்சார் உயிரோட இருக்கு, பிரச்சன சாஃப்ட்வேர்லதான். எல்லாமே சைபரா நின்னா, இல்ல எப்படித் திருப்பினாலும் ஒரே நம்பர்ல ஒட்டிக்கிட்டு இருந்தா அப்பத்தான் சிப்பு போச்சுன்னு சந்தேகப்படணும். கம்பெனி குடுத்த சாஃப்ட்வேர எடுத்துட்டு கஸ்டம் ரோம் (ROM) ஏத்தினவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்த, அத ஏத்தும்போது சென்சார் விவரங்கள் இருக்கற பெர்சிஸ்ட்ங்கற பார்ட்டிஷன் கெட்டாலும் இதே மாதிரி சென்சார் எல்லாம் செத்த மாதிரி காட்டும்.

இந்த டெஸ்ட் பண்ணாம ஃபேக்டரி ரீசெட் அடிக்கறத நெனச்சாத்தான் எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது. பேக்கப் எடுக்காத வாட்ஸ்அப் சாட், குழந்த போட்டோ எல்லாம் போயிடும், யுபிஐ ஆப் எல்லாத்துலயும் சிம்லேந்து எஸ்எம்எஸ் அனுப்பி மறுபடி ரிஜிஸ்டர் பண்ணணும், லாகின் கோட் குடுக்கற ஆத்தென்டிகேட்டர் ஆப்ல இருந்தது போச்சுன்னா சில அக்கவுன்ட்குள்ள போகவே முடியாம நிப்பீங்க. சிப்பு போயிருந்தா ரீசெட் பண்ணியும் ஒண்ணும் ஆகப்போறதில்ல.

கடைக்குப் போறதா இருந்தாலும் அந்த நம்பர் வர்ற ஸ்கிரீன வீடியோ எடுத்துட்டுப் போங்க. டிஸ்ப்ளே மாத்தணும்னு யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க, ஆக்சிலரோமீட்டர் பொதுவா போர்டுல இருக்கறது, டிஸ்ப்ளேல இல்ல. அத மாத்தறதுன்னா ஹாட் ஏர் வச்சு சின்ன சிப்ப எடுத்து வைக்கற வேல, விலை கம்மி போனுக்கு அது கட்டுப்படியாகுமான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. கட்டுப்படியாகலன்னா ஐபோன்ல அசிஸ்டிவ் டச் ஆன் பண்ணி, டிவைஸ்குள்ள ரொட்டேட் ஸ்கிரீன்ங்கறதத் தொட்டு கையாலயே திருப்பிக்கலாம், ஆண்ட்ராய்டுல முன்னாடி தூக்கச் சொன்ன அதே ரொட்டேஷன் கன்ட்ரோல் ஆப் இந்த இடத்துல நல்லா உதவும்.