பரிசுக்கு மடக்குக் கத்தி: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெறும் அப்பா, ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலோடு ஆற்றங்கரைக்குப் போய்விடும் மாமா, கொல்லையில் நாலு வாழையும் ரம்புத்தானும் வைத்துக்கொண்டு பொழுதைக் கழிக்கும் தாத்தா. இவர்களுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யோசிக்கும் பிள்ளைகளுக்கு மடக்குக் கத்தி நல்ல யோசனை. சட்டை அலமாரிக்குப் போகும், கத்தி கையோடு இருக்கும். ஆனாலும் அன்பாகக் கொடுத்த பல கத்திகள் பெட்டியை விட்டே வெளியே வருவதில்லை. வாங்குகிறவர் கண்ணுக்குப் பிடித்ததை வாங்குகிறார். அது பயன்படுத்துகிறவர் கைக்கும் இந்த ஊரின் ஈரக் காற்றுக்கும் ஒத்துவருவதில்லை.

முதல் தவறு, பெறுபவருக்குக் கத்தியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைப்பது. பால்மரம் சீவியவருக்கு இரும்பைப் பற்றிக் கடைக்காரர் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அந்த மரத்தின் வம்சத்தை நம்பித்தான் இந்த வட்டாரமே பிழைத்தது. உள்ளே இருக்கும் உயிர்ப்படலத்தைத் தொடாமல், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை மிச்சம் விட்டு, விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு மரம் மரமாகச் சீவிய கை அது. கத்தியைக் கல்லில் தீட்டிவிட்டுத்தான் அன்றைய வேலையே தொடங்கும். அப்படிப்பட்டவரிடம் கறுப்புப் பூச்சும் மண்டையோட்டுப் படமும் போட்ட தடித்த கத்தியை நீட்டினால், கட்டைவிரலால் கூர் விளிம்பை ஒருமுறை தடவிப் பார்ப்பார், ‘நல்லா இருக்குப்பா’ என்பார். அதோடு சரி.

தடித்த அலகு உறுதியின் அடையாளம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அலகின் முதுகு மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் இருந்தால் அது மாங்காயை வெட்டாது, பிளக்கும். பழம் நறுக்க, உர மூட்டையின் தையலை அறுக்க, தூண்டில் நரம்பை வெட்ட, ஒட்டுக் கட்டும் நாடாவை நறுக்க இரண்டு அல்லது இரண்டரை மில்லிமீட்டர் தாராளம். நீளமும் ஏழெட்டு சென்டிமீட்டர் போதும். அலகில் பாதி பல்லுப் பல்லாக இருக்கும் கத்தியை விட்டுவிடுங்கள். கயிறு அறுக்க அது கெட்டிதான், ஆனால் பல் மழுங்கினால் வீட்டுத் தட்டைக் கல்லில் தீட்ட முடியாது.

எஃகு விஷயத்தில்தான் பணம் அதிகமாக வீணாகிறது. ‘ஸ்டெயின்லெஸ்’ என்று எழுதியிருந்தால் துருவே பிடிக்காது என்று நம்பிவிடுகிறோம். எஃகில் சுமார் 10.5 விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் இருந்தால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகித் துருவைத் தடுக்கும். வியர்வை, உப்பு, மீன் சாறு ஆகியவை காயாமல் ஒட்டிக்கொண்டே இருந்தால் அந்தப் படலமும் தோற்றுப்போகும். அச்சாணி இருக்கும் மடிப்புக்குள்தான் துரு முதலில் வரும், ஏனென்றால் துடைக்கும் துணி அங்கே போவதில்லை.

இதற்கு எதிர்த்திசையில் செய்யும் தவறும் உண்டு. இணையத்தில் படித்துவிட்டு, எஃகின் கடினத்தைக் காட்டும் ராக்வெல் அளவில் 60-ஐத் தாண்டிய விலையுயர்ந்த எஃகைத் தேடி வாங்குவது. அது நீண்ட நாள் கூர் காக்கும், உண்மை. மழுங்கிய பிறகுதான் சிக்கல். வைரத்தூள் பதித்த தகடு இல்லாமல் அதைத் தீட்டுவது பெரும்பாடு. அப்பாவிடம் இருப்பதோ நடுவில் குழி விழுந்த பழைய சாணைக்கல். ராக்வெல் அளவில் சுமார் 56 இருக்கும் விக்டோரினாக்ஸ் கத்தியை அந்தக் கல்லிலேயே சில நிமிடத்தில் கூராக்கிவிடலாம். சுவிட்சர்லாந்தில் 1884 முதல் கத்தி செய்துவரும் அந்த நிறுவனம் கடினமான எஃகு கிடைக்காமலா இதை வைத்திருக்கிறது? தினசரிக் கைவேலைக்கு இந்த அளவு போதும் என்பதுதான் கணக்கு.

பிரான்சின் ஒப்பினெல் கத்தியும் பரிசுக்குப் பெயர் போனது. பீச் மரப்பிடி, மெல்லிய அலகு, பிடியின் தலையில் திருகிப் பூட்டும் உலோக வளையம். எட்டாம் எண் கத்தியின் அலகு 8.5 சென்டிமீட்டர். பழம் நறுக்க அதற்கு நிகர் இல்லை என்பேன். ஆனால் அது பிறந்தது சவோய் மலைப்பகுதியில், நம் ஊரின் அடைமழையில் அல்ல. ஈரம் குடித்து மரம் உப்பினால் அலகு பிடிக்குள் இறுகி, நகத்தால் இழுத்தாலும் வராது. பிடியின் அடிப்பகுதியை மேசையில் ‘டக்’கென்று தட்டினால் அலகின் நுனி எட்டிப் பார்க்கும், அந்த ஊர்க்காரர்கள் செய்வதும் அதைத்தான். தெரியாதவர் கத்தி கெட்டுவிட்டது என்று மூலையில் போட்டுவிடுவார். ஆகவே கொடுக்கும்போதே இந்த உபாயத்தைச் சொல்லிக் கொடுங்கள். இன்னொன்று, ஒப்பினெலில் கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு என இரண்டு வகை உண்டு. கார்பன் வகை புளிப்புப் பழம் பட்டதும் கறுக்கும், இரவு ஈரத்தோடு வைத்தால் காலையில் சிவப்புப் புள்ளி. நம் ஊருக்கு இரண்டாவது வகைதான்.

‘டமாஸ்கஸ்’ அலைக்கோலம் போட்ட மலிவு விலைக் கத்தியைப் பற்றி ஒரு வரி. நிஜமாகவே அடுக்கடுக்காக அடித்த எஃகென்றால் கோலம் பக்கவாட்டில் மட்டும் நிற்காது, அலகின் முதுகிலும் தொடரும். முதுகு மொழுமொழுவென்று இருந்தால் மேலே அச்சடித்த படம்தான்.

கடையில் கத்தியைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டியவற்றை யாரும் செய்வதில்லை. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, விரியுங்கள். விரித்த அலகை முதுகுப் பக்கமாகப் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. பிறகு மடக்கி, மேலிருந்து பாருங்கள்: அலகு பிடியின் இரு பக்கத்துக்கும் நடுவில் விழ வேண்டும். ஒரு பக்கம் உரசினால் அச்சாணி சரியில்லை. பூட்டு உள்ள கத்தியானால் விரித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் மெதுவாக அழுத்துங்கள். பூட்டு நழுவினால் கீழே வைத்துவிடுங்கள், விரல் போய்விடும்.

கையைப் பற்றிய தவறுகள்தான் மிகவும் கொடுமையானவை, ஏனென்றால் பெறுபவர் அதைச் சொல்லவே மாட்டார். அலகைத் திறக்க நகத்தை நுழைக்கும் சிறு பள்ளம் மட்டுமே உள்ள கத்தியை, மூட்டுவலியால் விரல் மடங்காத பெரியவருக்குக் கொடுத்தால் அவர் ஒவ்வொரு முறையும் பேரனைக் கூப்பிட வேண்டியிருக்கும். நகம் தேய்ந்த, காய்ப்புக் காய்ந்த விரல்களுக்கும் இதே கதை. கட்டைவிரலால் தள்ளித் திறக்க அலகில் குமிழோ துளையோ உள்ளதே அவர்களுக்கு ஏற்றது. அப்பா இடதுகைக்காரரா என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். பிடியின் உட்பக்கத் தகடு வளைந்து அலகைத் தாங்கும் ‘லைனர் லாக்’ பெரும்பாலும் வலது கட்டைவிரலுக்காகச் செய்யப்படுவது. இடதுகைக்குப் பிடியின் முதுகில் அழுத்தி விடுவிக்கும் ‘பேக் லாக்’ சரி, இரு கைக்கும் பொதுவானது. பிடியின் வழுவழுப்பும் கவனிக்க வேண்டியது; பளபளக்கும் உலோகப்பிடி மீன் கழுவிய கையில் வழுக்கும்.

சட்டத்தை மறந்துவிட்டு வாங்குவது எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு. பொத்தானை அழுத்தினால் தானாகத் துள்ளித் திறக்கும் கத்தியை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள், வெளிநாட்டு நண்பர் கொண்டுவந்து கொடுத்தாலும் வேண்டாம். 1958-ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருட்கள் மற்றும் அபாயகர ஆயுதங்கள் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, சட்டப்படியான நோக்கம் இல்லாமல் பொது இடத்தில் அபாயகர ஆயுதம் வைத்திருப்பவரைத் தண்டிக்கிறது: குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை, பிரம்படியும் உண்டு. கொல்லையிலும் தூண்டில் பெட்டியிலும் இருக்கும் கத்திக்குக் காரணம் சொல்லலாம். இரவு பத்து மணிக்குப் பட்டணத்தில் இடுப்பில் செருகிய கத்திக்கு என்ன காரணம் சொல்வது? ஆகவே இடுப்பில் மாட்டும் கிளிப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். பதினாறு வயது மருமகனுக்குக் கொடுக்க நினைத்தால் கத்தியைக் கைவிட்டு நல்ல டார்ச் விளக்கு வாங்கிக் கொடுங்கள். அது அவன் பள்ளிப் பையில் கிடந்தாலும் யாருக்கும் வம்பில்லை. விமானத்தில் வருகிறவர் கத்தியைக் கைப்பையில் வைத்தால் சோதனைச் சாவடியிலேயே இழப்பார். சரக்கில் அனுப்பும் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

கத்தியோடு தோல் உறை வாங்கிக் கொடுப்பது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட இரசாயனமும் உலோகத்தை அரிக்கும். கத்தி மாதக்கணக்கில் உறைக்குள் தூங்கினால் எஃகில் துருவும் பித்தளை ஆணியில் பச்சைக் களிம்பும் நிச்சயம். உறை எடுத்துச் செல்லத்தான். வீட்டில் வெளியே எடுத்து வைக்க வேண்டும். அச்சாணிக்குச் சமையல் எண்ணெயும் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுக்கேறித் தூசியைச் சேர்க்கும். ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் போதும். அலகால் பழம் நறுக்குவதானால் அலகுக்கு மட்டும் உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெய்.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள், பக்கத்துச் சீனக் குடும்பமும் சொல்லும். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போவது சின்னத் தவறு, ஏனென்றால் பாட்டியின் முகம் அன்று முழுவதும் வாடியிருக்கும். பெறுபவர் ஐந்து சென் காசு ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அது பரிசு அல்ல, வாங்கியது என்றாகிவிடும். காசை நீங்களே பெட்டிக்குள் ஒட்டி வைத்துவிடலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் ஐந்து சென்னுக்கு இவ்வளவு நிம்மதி வேறெங்கும் கிடைக்காது.

பெயர் பொறிப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய கையோடு அலகில் பெயரை எழுதச் சொல்லிவிட்டால், பூட்டு ஆடுவது வீட்டில் தெரியவந்தாலும் கடைக்காரர் மாற்றித் தரமாட்டார். வீட்டில் நாலு நாள் விரித்து மடக்கிப் பாருங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், பிறகு பிடியில் எழுதக் கொடுங்கள். கையில் இன்னும் இருபது ரிங்கிட் மிஞ்சியிருந்தால் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நயமுமான சாணைக்கல்லையும் பெட்டிக்குள் சேர்த்து வையுங்கள்.