மோசமான மேனேஜரிடம் மாட்டிக்கொண்டவர்கள் செய்யும் தவறுகள்

திட்டமிடத் தெரியாத மேனேஜருக்குக் கீழே வந்து சேரும் ஒவ்வொரு புது பேட்ச்சும், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே காரியங்களை வரிசை மாறாமல் செய்துகொண்டிருக்கிறது. மீட்டிங்கில் முகத்துக்கு நேரே வெடிப்பது, கேன்டீனில் புலம்பி அது அவர் காதுக்கே போவது, இதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும், விடுங்கள்.

ராத்திரி முழுக்க உழைத்துவிட்டு டைம்ஷீட்டில் எட்டு மணி நேரம் போடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதைப் பார்த்தால்தான். பக்கத்து டீமில் ஒரு பெண், கெட்டிக்காரி, வேலைக்குப் புதிது. அவளுடைய மேனேஜர் யாரையும் கேட்காமல் கிளையன்ட்டிடம் ஒரு தேதி சொல்லிவிட்டு வந்தார், ஐந்து வார வேலை மூன்று வாரத்தில் வேண்டுமாம். அவளும் வாயே திறக்காமல் சனி ஞாயிறு எல்லாம் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள், பாராட்டு மெயிலும் வந்தது. ஆனால் வேலை பார்த்த நேரத்தைப் பதியும் டைம்ஷீட்டில் தினமும் எட்டு மணி நேரம்தான். கூடப் போட்டால் வேலை தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம். அடுத்த ப்ராஜெக்ட்டுக்கு எஸ்டிமேட் போட மேனேஜர் எடுத்தது அந்த டைம்ஷீட்டைத்தான். கணக்குப்படி அது மூன்று வார வேலைதானே! அதிலும் கொஞ்சம் குறைத்துத் தேதி சொன்னார். இந்த முறை அவளால் முடியவில்லை, அப்ரைசலில் வேகம் குறைந்துவிட்டது என்று எழுதிவிட்டார்கள். மறுத்துப் பேச அவள் கையில் ஒன்றும் இல்லை, இருந்த ஒரே சாட்சியை அவளே எட்டு எட்டாக அழித்திருந்தாள்.

தேதி தவறியதும் இப்படிப்பட்ட மேனேஜர்கள் அடுத்து என்ன செய்வார்கள் தெரியுமா? இரண்டு புது ஆட்களைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார வைப்பார்கள். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று, ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம் வேலையை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதும் ஏற்கெனவே மூச்சு முட்டிக்கிடக்கும் நீங்கள்தானே.

அதனால் தேதி காதில் விழுந்த அன்றே மெயில் போடுங்கள். வெறுமனே முடியாது என்று எழுதினால் அடம்பிடிப்பதாகத் தெரியும். “இந்தத் தேதிக்குள் லாகின், பேமென்ட் இரண்டும் முடியும், ரிப்போர்ட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் வேண்டும், அதைத் தள்ளிவைக்கலாமா, இல்லை என் சப்போர்ட் வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கிறீர்களா?” என்று கேளுங்கள், முடிவெடுக்கும் பொறுப்பு அவரிடம் போய்விடும். பல நேரம் பதிலே வராது, பரவாயில்லை, மெயில் இருக்கிறது. அப்படியும் ராத்திரி உட்கார நேர்ந்தால் உண்மையான நேரத்தைப் போடுங்கள். சில இடங்களில் டைம்ஷீட் எட்டுக்கு மேல் ஏற்காது, அங்கே வாராந்திர ஸ்டேட்டஸ் மெயிலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வாய்வழி உத்தரவு

“நீங்கள் சொன்னபடி” என்று ஆரம்பித்து ஒரு மெயில். அவ்வளவுதான்.

கோபத்தில் அடித்த மெயில்

டிராஃப்ட்டிலேயே கிடக்கட்டும்.

ஹெச்.ஆரிடம் மனம் விட்டுப் பேசுவது

அவர்கள் நிறுவனத்தின் ஆட்கள். புலம்பப் போகாதீர்கள். போவதாக இருந்தால் தேதியும் மெயிலும் கையில் இருக்கட்டும். தொல்லை, மிரட்டல் என்றால் மட்டும் காத்திருக்காமல் எழுத்தில் புகார் கொடுங்கள்.

டீம் மாற்றத்தைத் தப்பான நேரத்தில் கேட்பது

சிலரைத் திருத்த முடியாது, டீம் மாறுவதுதான் வழி. ஆனால் அப்ரைசலுக்கு முன்னால் வாயைத் திறந்தால், போகிற ஆளுக்கு எதற்கு என்று நல்ல ரேட்டிங்கை இருக்கிற ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ரேட்டிங் முடிவாகி, கடிதம் கைக்கு வந்த பிறகு கேளுங்கள். போகிற டீமின் மேனேஜர் எப்படி என்று அங்கே வேலை செய்தவர்களிடம் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், முக்கியமாக அங்கிருந்து விலகிப் போனவர்களிடம்.