கேசில்வேனியா பாகங்களை முறையாக ஒப்பிடுவது எப்படி

கொனாமி நிறுவனம் 1986 செப்டம்பரில் ஜப்பானில் வெளியிட்ட முதல் கேசில்வேனியா முதல், 2014இல் வந்த லார்ட்ஸ் ஆஃப் ஷேடோ 2 வரை, பெரும்பாலும் டிராகுலாவின் கோட்டையைச் சுற்றி நடக்கும் இந்த விளையாட்டுத் தொடர் பலமுறை உருமாறியிருக்கிறது. இவற்றுள் எது சிறந்தது என்று நேரடியாகக் கேட்டுக்கொள்பவர், பெரும்பாலும் தாம் முதலில் விளையாடிய பாகத்தைத் தேர்ந்துவிட்டுப் பிறகுதான் காரணங்களைத் தேடுகிறார். ஒவ்வொரு பாகமும் தனக்கு முந்தையதிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது, எதைக் கைவிட்டது, கைவிட்டதால் எதை இழந்தது என்று பார்ப்பதே பயனுள்ள ஒப்பீடு. அதற்குச் சில கட்டுப்பாடுகளை நாமே விதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் கட்டுப்பாடு, எதை எதனோடு ஒப்பிடலாம் என்பது. இத்தொடரில் ஏறத்தாழ மூன்று வகைகள் உள்ளன. ஒரு நிலையை முடித்து அடுத்த நிலைக்குச் செல்லும் பழைய வகையில் முதல் பாகம், 1989இல் வந்த மூன்றாம் பாகம், 1991இன் சூப்பர் கேசில்வேனியா 4, 1993இன் ரோண்டோ ஆஃப் பிளட், 1994இன் பிளட்லைன்ஸ் ஆகியவை அடங்கும். ஒரே பெரிய கோட்டைக்குள் அலைந்து, புதிய ஆற்றல்களைப் பெற்று, முன்பு மூடியிருந்த வழிகளைத் திறக்கும் வகை 1997இல் சிம்ஃபனி ஆஃப் தி நைட்டுடன் உறுதிப்பட்டு, கேம் பாய் அட்வான்ஸ், நிண்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்கக் கருவிகளில் வந்த ஆறு பாகங்களில் வளர்ந்தது. முப்பரிமாணப் பாகங்கள் மூன்றாம் வகை. 1987இன் சைமன்ஸ் குவெஸ்ட், ஊர்களும் பகல் இரவு மாற்றமும் கொண்ட திறந்த உலகத்தைப் பத்தாண்டுகளுக்கு முன்பே முயன்று பார்த்ததால், முதலிரு வகைகளுக்கும் நடுவில் தனியாக நிற்கிறது. ஒரு வகைக்குள்ளேயே ஒப்பிடத் தொடங்குங்கள். வகையைத் தாண்டி ஒப்பிடும்போது, எந்தக் கூறு தாண்டி வந்திருக்கிறதோ அதை மட்டும் ஒப்பிடுங்கள்.

அதோடு, முழுத் தொடரையும் ஒரே தரவரிசையில் அடுக்க முயல்வதைவிட, இரண்டிரண்டு பாகங்களாக எடுத்துக்கொள்வது நல்லது. சோமா குரூஸ் என்ற ஒரே நாயகனும் எதிரிகளின் ஆன்மாவைக் கவரும் ஒரே அமைப்பும் உள்ள ஏரியா ஆஃப் சாரோவும் டான் ஆஃப் சாரோவும் இயல்பான இணை. சிம்ஃபனியின் தொடக்கக் காட்சியே ரோண்டோவின் இறுதிப் போர்தான் என்பதால், அவ்விரண்டும் வகை தாண்டி ஒப்பிடத் தக்க அரிய இணை. கேம் பாய் அட்வான்ஸ் என்ற ஒரே கருவிக்காக அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த சர்க்கிள் ஆஃப் தி மூனையும் ஹார்மனி ஆஃப் டிசனன்சையும் இணையாக வைத்தால், முதலாவதன் மீது எழுந்த குறைகளுக்கு இரண்டாவது எப்படிப் பதில் சொன்னது என்பது வரிக்கு வரி தெரியும்.

அடுத்து, எந்தப் பதிப்பை எந்தத் திரையில் விளையாடுகிறீர்கள் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பலர் சிறிய செய்தியாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். தவறான முடிவுகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. மூன்றாம் பாகத்தின் ஜப்பானியப் பதிப்பில் விஆர்சி6 என்ற கூடுதல் ஒலிச் சில்லு இருந்ததால் இசை செறிவாக ஒலிக்கும். அமெரிக்கப் பதிப்பில் அந்தச் சில்லு இல்லை. ஜப்பானியப் பதிப்பில் கத்திகளை வீசிக்கொண்டே இருக்கும் கிராண்ட் என்ற துணைப் பாத்திரம், அமெரிக்கப் பதிப்பில் அருகிலிருந்து குத்த மட்டுமே முடிந்தவனாகிவிடுகிறான். ஒருவர் கிராண்டை வலிமையானவன் என்றும் மற்றொருவர் பயனற்றவன் என்றும் சொன்னால், இருவரும் தத்தம் பதிப்பைப் பொறுத்தவரை சரியாகவே சொல்கிறார்கள். 2001இல் வந்த சர்க்கிள் ஆஃப் தி மூன் மிகவும் இருண்டிருக்கிறது என்ற புகார், பின்னொளி இல்லாத முதல் கேம் பாய் அட்வான்ஸின் திரையில் பார்த்தவர்களின் புகார். அட்வான்ஸ் பாகங்களை மறுவெளியீடாகத் தரும் 2021இன் அட்வான்ஸ் தொகுப்பை இன்றைய தொலைக்காட்சியில் விளையாடுபவர் அதே புகாரைத் திரும்பச் சொல்வது பொருந்தாது. டான் ஆஃப் சாரோவில் பாஸ் எனப்படும் பெரிய எதிரியை வீழ்த்திய கணத்தில் தொடுதிரையில் ஒரு முத்திரையை வரைய வேண்டியிருந்தது. தவறினால் எதிரி ஓரளவு உயிரை மீட்டுக்கொண்டு எழுந்துவிடும். டிஎஸ் பாகங்களை மறுவெளியீடாகத் தரும் 2024இன் டொமினஸ் தொகுப்பில் இதைப் பொத்தான்களாலேயே செய்துவிடலாம். முத்திரையைக் குறையாகச் சொல்லும் முன் எந்த டானைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தொகுப்புகளில் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதியும், நினைத்த இடத்தில் சேமிக்கும் வசதியும் உண்டு. முதன்முறை ஆடி மகிழ்வதற்கு அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒப்பிடுவதற்காக ஆடும்போது அவற்றை விலக்கிவிடுங்கள். பழைய பாகங்கள் ஒரு தவறான தாவலின் விளைவைச் சுமந்தே அடுத்த அறைக்குள் நுழைய வேண்டும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டவை. அந்தச் சுமையை நீக்கிவிட்டால் ஒப்பிடுவதற்கு முக்கியமான பொருளே மிஞ்சாது.

இனி அளவுகோல்களுக்கு வரலாம். நான் எப்போதும் தாவலில் இருந்துதான் தொடங்குகிறேன், ஏனெனில் இத்தொடரின் வரலாறு பெரும்பாலும் தாவலின் வரலாறு. ஒவ்வொரு பாகத்திலும் ஆபத்தில்லாத ஓர் இடத்தில் நின்று மூன்று செய்திகளைப் பாருங்கள்: காற்றில் இருக்கும்போது திசையை மாற்ற முடிகிறதா, அடிக்கும் பொத்தானை அழுத்தியதற்கும் அடி விழுவதற்கும் எவ்வளவு இடைவெளி, அடிபட்டால் நாயகன் எவ்வளவு தூரம் பின்னால் எறியப்படுகிறான். முதல் பாகத்தின் சைமன் பெல்மான்ட் தரையை விட்டு எழுந்ததும் பாதை முடிவாகிவிடும்; சாட்டை சற்றுத் தாமதித்தே சொடுக்கும்; அடிபட்டால் தூக்கியெறியப்படுவான். இந்த மூன்று தடைகளுக்கும் ஏற்பவே எதிரிகள் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். சூப்பர் கேசில்வேனியா 4இல் அதே சைமன் காற்றில் திரும்புகிறான், எட்டுத் திசைகளிலும் சாட்டையை வீசுகிறான், வளையங்களில் மாட்டி ஊசலாடுகிறான். ஆடுவதற்கு இனிமையாக இருக்கும் இந்த விடுதலை, கோடரி, புனித நீர் முதலிய துணை ஆயுதங்களின் தேவையைக் கணிசமாகக் குறைத்துவிட்டது. மேலே இருப்பவனை அடிக்க முன்பு கோடரி வேண்டியிருந்தது. இப்போது சாட்டையே போதும். மேம்பாடு என்று தோன்றும் ஒவ்வொரு மாற்றத்திலும் இப்படி ஓர் இழப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதுதான் ஒப்பீட்டின் உயிர்நாடி என்பேன்.

இரண்டாவது அளவுகோல், எல்லாப் பாகங்களுக்கும் பொதுவாக இருக்கும் ஒன்றைப் பிடித்துக்கொள்வது. இத்தொடர் தன் இடங்களையும் எதிரிகளையும் மீண்டும் மீண்டும் கொண்டுவருவதால், அவையே நமக்கு நல்ல அளவுகோலாகின்றன. மெடுசா தலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அலைபோல் மேலும் கீழும் நெளிந்தபடி திரையைக் கடக்கும் இந்தச் சிறிய எதிரி, முதல் பாகத்தில் மரண தேவனின் அறைக்கு முந்திய நடைக்கூடத்தில் கோடரி வீசும் கவச வீரர்களுடன் சேர்ந்து வருகிறது. ஒன்றைத் தவிர்க்கத் தாவினால் மற்றொன்றின் பாதையில் விழ நேரிடும் என்பதால், அடிக்கும் முன் அலையின் ஏற்ற இறக்கத்தை எண்ணிக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சிம்ஃபனியின் கடிகாரக் கோபுரத்தில் அதே தலைகள் அதே நெளிவுடன் வருகின்றன. ஆனால் அந்தப் பாகத்தின் நாயகனான ஆலுகார்டு காற்றில் இரண்டாம் முறை தாவுகிறான், வௌவாலாக மாறுகிறான். விழுந்தால் உயிர் போகும் பள்ளமும் அந்தக் கோட்டையில் இல்லை, கீழே இருக்கும் அறைக்குத்தான் போய்ச் சேர்கிறான். அச்சமூட்டிய எதிரி தொந்தரவு தரும் எதிரியாகச் சுருங்கிவிட்டது. கல்லாக்கும் பொன்னிறத் தலைகள் மட்டுமே கொஞ்சம் பழைய மரியாதையைக் காப்பாற்றுகின்றன. ஏரியாவின் கடிகாரக் கோபுரத்தில் மரண தேவனே காத்திருப்பதால், அங்கே தலைகளைக் கடந்து செல்லும் பயணத்துக்கு மீண்டும் ஓர் இலக்கு கிடைக்கிறது. மூன்று பாகங்களிலும் இந்தப் பகுதிகளை மட்டும் ஒரே நாளில் அடுத்தடுத்து ஆடிப் பாருங்கள். பக்கம் பக்கமாக எழுதப்பட்ட விமர்சனங்கள் சொல்லாதது விளங்கும்.

அலையும் வகையில் மூன்றாவது அளவுகோல் கோட்டையின் வரைபடம். அறைகளின் எண்ணிக்கையையோ சதவீதத்தையோ ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. சிம்ஃபனியில் வரைபடம் 200.6 சதவீதம் வரை நிறையும் என்பது உண்மை. அதன் பாதி, முதல் கோட்டையையே தலைகீழாகத் திருப்பியது. எண்ணத்தில் துணிச்சலானது என்றாலும், படிகளும் மேடைகளும் தலைகீழாவதால் வௌவாலாகவோ தாவும் ஆற்றலாலோ பறந்துதான் பல இடங்களைக் கடக்க நேர்கிறது. ஆகவே ஒரு குறிப்பேட்டில் இரண்டு பத்திகளை வகுத்துக்கொண்டு, ஒன்றில் நீங்கள் கடக்க முடியாமல் திரும்பிய ஒவ்வொரு இடத்தையும், மற்றதில் புதிதாகக் கிடைத்த ஒவ்வொரு ஆற்றலையும் வரிசையாக எழுதிவாருங்கள். ஓர் ஆற்றல் கிடைத்ததும் முதல் பத்தியில் எத்தனை இடங்கள் நினைவுக்கு வருகின்றன, அவற்றுக்குத் திரும்பும் வழியில் வேறு எதைக் கண்டீர்கள் என்பவைதான் கேள்விகள். சிம்ஃபனியில் மூடுபனியாக மாறும் ஆற்றல் கிடைக்கும்போது, அதற்கு முன்பே கம்பித் தடுப்புகள் பலவற்றின் முன் நின்று திரும்பியிருப்போம். அந்த ஆற்றல் பழைய அறைகளின் பொருளையே மாற்றுகிறது. வெறும் சாவியாக மட்டும் பயன்படும் ஆற்றல் இந்த வேலையைச் செய்வதில்லை. டிஎஸ் பாகங்களில் வரைபடம் மேல்திரையில் எப்போதும் தெரிவதால் நினைவின் பங்கு குறைகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2006இன் போர்ட்ரெய்ட் ஆஃப் ரூயினும் 2008இன் ஆர்டர் ஆஃப் எக்லேசியாவும் ஒரே கோட்டை என்ற எண்ணத்தையே தளர்த்தின. முன்னதில் ஓவியங்களுக்குள் நுழைந்து தனித்தனி உலகங்களைக் காண்கிறோம். பிற்பாதியில் வரும் ஓவியங்கள் முற்பாதியில் பார்த்தவற்றின் மாற்று வடிவங்களாகவே அமைந்திருப்பது அதன் பெரிய பலவீனம். பின்னதில் ஒரு நிலப்படத்திலிருந்து சிறு சிறு இடங்களைத் தேர்ந்து சென்று, கிராமத்தாரை மீட்டு, ஆட்டத்தின் பிற்பகுதியில்தான் டிராகுலாவின் கோட்டைக்குள் நுழைகிறோம். தொடக்கத்து இடங்கள் சில நேர்கோட்டுப் பாதைகள் என்பது குறையே. ஆனாலும் எதிரியின் வகைக்கு ஏற்ப ஆயுதமாகப் பயன்படும் மந்திர எழுத்துகளை மாற்றிக்கொள்ள வற்புறுத்தும் சண்டை அதை ஈடுசெய்கிறது. எக்லேசியாவை நான் போர்ட்ரெய்ட்டுக்கு மேலாக வைப்பதற்கு அதுவே காரணம்.

நாயகனின் வளர்ச்சியை ஒப்பிடும்போது, எது உங்களை வலுவாக்குகிறது என்பதோடு, அந்த வலு ஆட்டத்தை எந்தக் கட்டத்தில் உடைத்துவிடுகிறது என்பதையும் குறியுங்கள். சிம்ஃபனியில் நூலகத்து எதிரி ஒன்று அரிதாகத் தரும் கிரிசேக்ரிம் வாள் கைக்கு வந்ததும், நடந்துகொண்டே எதிரிகளைச் சீவித் தள்ளலாம். எஞ்சிய கோட்டை அதற்கு ஈடுகொடுப்பதில்லை. சர்க்கிளில் கடையே இல்லை. பத்துச் செயல் அட்டைகளும் பத்துப் பண்பு அட்டைகளும் சேர்ந்து நூறு மந்திரங்களைத் தருகின்றன, ஆனால் அந்த அட்டைகளை எந்த எதிரி தருகிறது என்பதற்கு ஆட்டத்தில் தடயம் குறைவு. ஏரியாவில் ஓர் எதிரியின் ஆன்மா கிடைத்தால் அதன் ஆற்றல் உடனே உங்களுடையது. அதையே விரிவாக்கிய டான், சில ஆன்மாக்களை ஒன்பது வரை சேர்த்து வலுவாக்கவும், ஆயுதம் வார்ப்பதற்காக ஆன்மாவைச் செலவிடவும் வைக்கிறது. ஆழம் கூடியது போலத் தோன்றும்; விளைவு என்னவோ, ஒரே அறைக்குள் நுழைந்து வெளியேறி ஒரே எதிரியை மீண்டும் மீண்டும் கொல்லும் வேலைதான். முன்னேறிச் செல்லும்போதே வளர்ச்சியும் கூடவே வரும் ஏரியாவை இதனாலேயே நான் உயர்வாக மதிக்கிறேன்.

இசைக்கும் ஓவியத்துக்கும் எளிய வழி ஒன்று போதும். சைமன்ஸ் குவெஸ்டில் முதலில் ஒலித்த பிளடி டியர்ஸ் மெட்டு பின்வந்த பல பாகங்களில் திரும்ப வருவதால், அதையே வரிசையாகக் கேட்டு ஒவ்வொரு கருவியின் ஒலித்திறனையும் அறியலாம். ஹார்மனியின் இசை சிம்ஃபனியின் இசையைவிட மெலிந்து கேட்பதற்கு இசையமைப்பை விடக் கேம் பாய் அட்வான்ஸின் ஒலிவளம் பெரிய காரணம். சிம்ஃபனிக்கும் ஏரியாவுக்கும் பாத்திரங்களை வரைந்த அயாமி கோஜிமாவின் பாணியை விட்டு, டான் பொதுவான அனிமே பாணிக்கு மாறியது வேறு விதமான செய்தி. அது தேர்ந்து எடுத்த முடிவு என்பதால் அந்தப் பாகத்தின் குறையாக அதை எழுதலாம்.

முப்பரிமாணப் பாகங்களை, 2003இன் லமென்ட் ஆஃப் இன்னசென்ஸ், 2005இன் கர்ஸ் ஆஃப் டார்க்னஸ் என்று அவற்றுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். தாவல், வரைபடம் ஆகிய இரண்டு அளவுகோல்களும் அங்கே முற்றிலும் வேறு பொருள் கொள்கின்றன.

முடிவை எழுதும்போது ஒவ்வொரு கூற்றுக்கும் அருகில் பதிப்பையும், அதை உங்களுக்குக் காட்டிய அறையையோ எதிரியையோ குறிப்பிடுங்கள். "சிம்ஃபனி எளிது" என்பதைவிட, "பிளேஸ்டேஷன் பதிப்பில், இரட்டைத் தாவல் கிடைத்த பிறகு கடிகாரக் கோபுரத்தின் மெடுசா தலைகள் தடையாக இல்லை" என்று எழுதினால், படிப்பவர் தம் கையாலேயே அதைச் சரிபார்க்கலாம். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு ரோண்டோவையும் சிம்ஃபனியையும் பரிந்துரைப்பேன். 2018இல் பிளேஸ்டேஷன் 4க்கு வந்த ரெக்வியம் தொகுப்பில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன. ரோண்டோவில் அதன் நாயகன் ரிக்டராக டிராகுலாவை வென்றுவிட்டு, அதே போரை சிம்ஃபனியின் முதல் நிமிடங்களில் மீண்டும் ஆடுங்கள். பிறகு ஆலுகார்டாகக் கோட்டையின் நுழைவாயிலில் நடந்து, அதே பொத்தான்களுக்கு உடல் எவ்வளவு வேறு விதமாகப் பதில் சொல்கிறது என்பதை உங்கள் குறிப்பேட்டின் முதல் வரியாக எழுதுங்கள்.